மாத்திரை கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா?
மலேரியாப் பகுதிகளில் வேலை: வாசகர் கேள்வி பதில்

மலேரியா உள்ள நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களை அனுப்புகிற நிறுவனங்களில் இருப்பவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மருந்தளவுகள் பெரியவர்களுக்கான பொது அளவுகள். உங்களுக்கு எந்த மருந்து என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: கட்டுமான நிறுவனம் ஒன்றில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். சஹாராவுக்குத் தெற்கே ஒரு சாலைப் பணிக்கு 40 பேரை அனுப்புகிறோம். எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். எங்கள் பொறுப்பு இதோடு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. அந்தக் கையெழுத்து, மாத்திரை கைமாறியதற்குத்தான் சாட்சி. உயரத்தில் ஏறுபவரிடம் பாதுகாப்புப் பட்டையைக் கொடுத்துவிட்டு, அதை மாட்டக் கம்பி கட்டாமல் விட்டதைப் போன்றது இது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981), நடைமுறையில் இயன்ற அளவுக்குப் பணியிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக் கூடாது என்கிறது அதன் 21ஆவது பிரிவு. 2022இல் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கொசுவலைக்கும் மாத்திரைக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

போகும் இடமும் சாதாரண இடமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் 94 சதவீதம் அந்நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி, ஆளைக் கொல்லும் வகை.

ஆகவே ஆபத்து மதிப்பீட்டை ஆட்கள் விமானம் ஏறும் வாரத்தில் செய்யாதீர்கள். ஒப்பந்தப்புள்ளிக்கு விலை போடும்போதே செய்யுங்கள். அப்போதுதான் அதற்கான செலவும் கணக்கில் ஏறும். முகாம் எங்கே, மழைக்காலம் எப்போது, எந்த ஒட்டுண்ணி, எந்த மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது, இரவில் யார் யார் வெளியே இருப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முற்றிய மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மருந்தை நரம்பு வழியாக ஏற்றக்கூடிய மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பதும் வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டாலும் பகல் நேரத்துச் சாலைப் பயணத்தை வைத்தே பதில் எழுதுகிறார்கள். இரவில், மழையில், ஆற்றுப்பாலம் மூழ்கியிருக்கும்போது எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள்.

பாதுகாப்பு நான்கு அடுக்கு: நோயைப் பற்றிச் சொல்லித் தருவது, கொசு கடிக்காமல் பார்ப்பது, தடுப்பு மாத்திரை, காய்ச்சல் வந்த அன்றே பரிசோதித்துச் சிகிச்சை தருவது. ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்து ஒரு பொறுப்பாளர் வேண்டும். 'எல்லோரும் பொறுப்பு' என்று எழுதிய இடத்தில் வலையைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

கேள்வி: எங்கள் மருத்துவ அறையில் எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளின் மட்டுமே தருகிறோம். அது விலை குறைவு என்று நிர்வாகம் சொல்கிறது. அது போதுமா?

பதில்: மருந்து நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது சரியில்லை. மூன்று மருந்துகளே பெரும்பாலும் பயன்படுகின்றன.

டாக்ஸிசைக்ளின் தினமும் 100 மில்லிகிராம். பகுதிக்குள் நுழைய ஓரிரு நாள் இருக்கும்போது தொடங்கி, வெளியேறிய பின் 4 வாரம் தொடர வேண்டும். வெயில் பட்டால் சிலருக்குத் தோல் கருகியதுபோலச் சிவந்து எரியும். சாலை போடுபவருக்கு இது சின்ன விஷயமல்ல. மாத்திரையை வெறும் வாயில் விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பிட்டபின் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் அமில முறிப்பானும் இதை உடலில் சேரவிடாது. இடைவெளி விட்டுத் தர வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

அடோவகுவோன்–ப்ரோகுவானில் (250/100 மில்லிகிராம்) தினம் ஒன்று. இதுவும் ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். ஆனால் திரும்பியபின் 7 நாள் போதும். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ எடுத்தால்தான் நன்றாக ஏறும். சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவருக்கு ஆகாது.

மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை 250 மில்லிகிராம். புறப்படுவதற்கு 2, 3 வாரம் முன்பே தொடங்குவதற்குக் காரணம் உண்டு: தலைசுற்றல், கெட்ட கனவு, பதற்றம் போன்றவை வந்தால் வீட்டிலிருக்கும்போதே தெரிந்து மருந்தை மாற்றலாம். மனச்சோர்வு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இது வேண்டாம். கிரேன் ஓட்டுபவர், உயரத்தில் வேலை செய்பவர், நீருக்குள் மூழ்கி வேலை செய்பவர் ஆகியோருக்கும் எங்கள் யோசனை, வேண்டாம் என்பதே. வாரம் ஒரு மாத்திரை என்பது நிர்வாகத்துக்கு வசதியாகத் தெரியும். அந்த வசதிக்காக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

திரும்பிய பின்னும் ஏன் 4 வாரம் என்பதைத் தொழிலாளியிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடித்த கொசு விட்ட ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்குகிறது. பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுவினும் பிடிப்பது ரத்தத்தில்தான். கடைசி நாள் கடிபட்டு வந்தவர் ஊர் வந்த மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தினால், பின்னால் கல்லீரலிலிருந்து வருவதைத் தடுக்க உடலில் மருந்து இருக்காது. அடோவகுவோன்–ப்ரோகுவானில் கல்லீரலிலேயே ஃபால்சிபாரத்தைத் தாக்குவதால்தான் 7 நாள் போதுமானதாகிறது. விடுமுறைக்கு ஊர் வந்து போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மாத்திரை விலையை மட்டும் பார்த்த நிர்வாகம், பாதியில் நிறுத்துகிறவர்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.

மருந்தை முழுக் காலத்துக்கும் சேர்த்துப் புறப்படும் முன்பே கொடுத்தனுப்புங்கள். மலேரியா மருந்துகளில் போலி நிறைய; போன இடத்தில் தெருக்கடையில் வாங்கும் நிலை வரக் கூடாது.

கேள்வி: எண்ணெய்க் கிணற்றில் ஒப்பந்த வேலை. மாத்திரை சாப்பிடுகிறோமா என்று பார்க்கத் திடீரென்று சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்களாம். இது நியாயமா?

பதில்: மலேரியாவால் ஆட்களை இழந்த எண்ணெய்த் துறையில் இந்த முறை பல ஆண்டுகளாகவே உண்டு. மருந்தின் தடயம் சிறுநீரில் தெரியும். எங்கள் பார்வையில் முறையே தவறில்லை. நடத்தும் விதத்தில்தான் தவறு வரும். வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். மாதிரியில் மலேரியா மருந்தைத் தவிர வேறு எதையும் தேடக் கூடாது. முடிவு மருத்துவக் குழுவிடம் இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் கைக்குப் போகக் கூடாது. மேலாளரும் உங்களைப் போலவே பரிசோதிக்கப்பட வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நீங்களே நிறுத்தியிருந்தால், அதை மறைப்பதுதான் ஆபத்து. மருத்துவ அறையில் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். பக்கவிளைவைச் சொன்னவரைத் தண்டிக்கும் முகாமில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பிறகு பரிசோதனையன்று மட்டும் மாத்திரை சாப்பிடுகிற கூட்டம்தான் மிஞ்சும்.

கேள்வி: உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே, அவர்களுக்கு எதற்கு இந்தச் செலவு என்கிறார் எங்கள் திட்ட மேலாளர்.

பதில்: பாதி உண்மை. மலேரியா மிகுந்த ஊரில் பிறந்து வளர்ந்து, திரும்பத் திரும்ப நோய் வந்தவருக்குப் பகுதி எதிர்ப்பு இருக்கும். அது நோய் முற்றி உயிர் போகாமல் ஓரளவு காக்கும். காய்ச்சலே வராமல் காக்காது. அந்த இடத்தைவிட்டு விலகினால் சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் தேய்ந்தும்விடும். நகரத்தில் படித்துவிட்டு வந்த பொறியாளருக்கு அது இருக்க வாய்ப்பில்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: 2,300 மீட்டருக்கு மேலே இருக்கும் அடிஸ் அபாபாவில் வளர்ந்தவர் தாழ்நிலத்து வேலைத்தளத்துக்கு இறங்கினால், இந்த நோயைப் பொறுத்தவரை அவரும் வெளிநாட்டுக்காரர்தான். பெண் தொழிலாளி கர்ப்பமானால் இருந்த எதிர்ப்பும் குறைகிறது.

ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்பவருக்குத் தடுப்பு மாத்திரையைக் காலமெல்லாம் கொடுப்பதில்லை என்பது சரி. அதற்குப் பதிலாக வலை, சுவரில் மருந்தடிப்பு, இலவசப் பரிசோதனை, அன்றே சிகிச்சை ஆகியவை அவருக்கு மற்றவர்களுக்கு நிகராகக் கிடைக்க வேண்டும். உங்கள் மேலாளருக்குச் சுயநலக் காரணமே வேண்டுமென்றால் அதுவும் உண்டு. பகுதி எதிர்ப்பு உள்ளவர் காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமப்பார். அவரைக் கடித்த கொசு பின்னர் மேலாளரையும் கடிக்கலாம்.

கேள்வி: முகாம் அமைக்கும் பொறுப்பு எனக்கு. கொசு விஷயத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: இடத்தை. முகாம் அமைந்தபின் செய்வதெல்லாம் அரைவாசிப் பலன்தான். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பெரும்பாலும் ஓரிரண்டு கிலோமீட்டருக்குள் பறப்பது. சதுப்பு, நெல்வயல், ஓடை, கிராமம் ஆகியவற்றிலிருந்து அந்தத் தூரமாவது தள்ளி, காற்றோட்டமுள்ள மேட்டில் படுக்கை அறைகளைப் போடுங்கள். கிராமத்தைத் தள்ளிவைப்பது ஊர்க்காரர்கள் மேல் உள்ள வெறுப்பால் அல்ல. கொசுவுக்கு ஒட்டுண்ணி கிடைப்பது மனிதரிடமிருந்துதான்.

அடுத்தது உங்கள் வேலையே உண்டாக்கும் தண்ணீர். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முக்கிய வகையான காம்பியே கொசுவுக்கு வெயில் படும் சின்னக் குட்டைகள் போதும். மண் எடுத்த பள்ளம், லாரிச் சக்கரத் தடம், அடைபட்ட மதகு, சிமென்ட் பதப்படுத்தத் தேக்கிய நீர் என்று கட்டுமானத் தளம் முழுக்க அதற்குத் தொட்டில்கள். முட்டை கொசுவாக ஒன்றிரண்டு வாரம் போதும். அதனால் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்து மூடவோ வடிக்கவோ வேண்டும். மாதம் ஒருமுறை சுற்றினால் இடையில் இரண்டு தலைமுறை பறந்திருக்கும். வடிக்க முடியாத இடத்தில் பிடிஐ என்னும் நுண்ணுயிர்ப் புழுக்கொல்லியைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் போடலாம். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் புழு அனாஃபிலிஸ். தலைகீழாகத் தொங்குவது மற்ற கொசு. இதை முகாம் காவலருக்குச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும்.

தண்ணீர்த் தொட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். தெற்காசியாவின் நகரக் கொசுவான ஸ்டீஃபென்சி மூடாத தொட்டியில் வளரும். 2012இல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டபின் ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளிலும் காலூன்றிவிட்டது.

இதெல்லாம் புதிதல்ல. 1901இல் மலாயாவின் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டித்தான் காய்ச்சலை அடக்கினார். 1904 முதல் பனாமாக் கால்வாய்ப் பணியில் மருத்துவர் வில்லியம் கார்கஸ் செய்ததும் வடிகால், எண்ணெய் தெளிப்பு, புல்வெட்டு, சன்னல் வலை, குயினைன் ஆகியவைதான்.

அறைக்குள் வருவோம். சன்னலுக்கும் கதவுக்கும் அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள வலை. கதவு தானாக மூடும் வகையாக இருக்கட்டும். கல் வைத்துத் திறந்துவைக்கும் கதவு எந்த முகாமிலும் இருக்கும். அறைக்குள் புழுக்கம் என்பதுதான் காரணம். மின்விசிறி போட்டால் கல் போய்விடும். சுவரில் பூச்சிக்கொல்லி அடிப்பது மருந்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் நிற்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அடியுங்கள். அடித்த சுவரை மறுவாரமே வெள்ளையடித்துவிடும் கூத்து நடக்கும். பராமரிப்புப் பிரிவுக்கு எழுத்தில் தடை போடுங்கள். உள்ளூர்க் கொசுவுக்கு எந்த மருந்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று அந்நாட்டு மலேரியாத் திட்டத்தாரிடம் கேட்டுத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி மட்டும் உள்ள வலை பல இடங்களில் வலுவிழந்துவிட்டது. அதன் வீரியத்தைக் கூட்டும் பிபிஓவோ குளோர்ஃபெனாபிர் என்னும் வேறு பூச்சிக்கொல்லியோ சேர்ந்த வலை கேளுங்கள்.

மருந்திட்ட வலை 20 சலவை அல்லது சுமார் 3 ஆண்டு தாங்கும். புது வலையை ஒருநாள் நிழலில் தொங்கவிட்டு, பிறகு கட்டுங்கள். சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், வெளுப்புத்தூள் கூடாது. அடுக்குக் கட்டில்தான் வலைக்குப் பெரிய எதிரி: கீழ்த்தட்டில் தொங்கவிட இடமே இருக்காது. கட்டில் வாங்கும்போதே ஒவ்வொரு தட்டுக்கும் செவ்வகச் சட்டம் வைத்து வாங்குங்கள்.

கேள்வி: நான் இரவுக் காவலாளி. வலைக்குள் தூங்குகிறவர்களுக்குத்தான் வலை. எனக்கு?

பதில்: அனாஃபிலிஸ் மாலை மங்கியது முதல் விடியும்வரை கடிக்கும். அதாவது உங்கள் பணிநேரம் முழுவதும். காவலாளி, ஓட்டுநர், ரப்பர் பால் வெட்டுபவர் ஆகியோரைத்தான் திட்டங்கள் மறக்கின்றன. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி ஏற்றிய முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும், 20 முதல் 50 சதவீத டீட் அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள விரட்டி, வலையடித்த காவல் கூண்டு. பெர்மெத்ரின் துணிக்கு மட்டுமே, தோலில் பூசக் கூடாது. வியர்க்கிற வேலையென்றால் விரட்டியை 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். கணுக்காலை மறக்காதீர்கள். அந்தி நேரத்தில் வெயில் களிம்பும் போடுவீர்கள் என்றால் முதலில் அது, அதன்மேல் விரட்டி. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முகக்கவசக் கண்ணாடியைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பகலில் தூங்கும் அறை இருட்டாக இருந்தால் அங்கேயும் வலை தேவை.

கேள்வி: பூண்டு, வைட்டமின் பி, ஒலியெழுப்பும் கருவி இவற்றில் எது பலன் தரும்? தடுப்பூசி வந்துவிட்டதாமே?

பதில்: முதல் மூன்றும் பலன் தராது. ஆர்ட்டிமிசியா மூலிகைக் கஷாயத்தையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஆர்டிஎஸ்,எஸ் (2021), ஆர்21 (2023) தடுப்பூசிகள் நோய்ப் பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. வேலைக்குப் போகும் பெரியவருக்கு அல்ல.

கேள்வி: பொறியாளராக ஆறு மாதப் பணிக்கு என் பெயர் வந்திருக்கிறது. கர்ப்பமா என்று மனிதவளப் பிரிவு படிவத்தில் கேட்கிறது. சொல்ல வேண்டுமா?

பதில்: அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கவே கூடாது. கர்ப்பத்தில் மலேரியா தாய்க்கும் சிசுவுக்கும் மிகக் கடுமையாகும் என்பதால், கர்ப்பிணிகள் அப்பகுதிகளுக்குப் போவதைத் தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தத் தகவலைப் போகும் எல்லாப் பெண்களுக்கும் நிறுவனம் முன்கூட்டியே தர வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கும் இதே எச்சரிக்கை. விவரத்தை மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது 'தகுதி' அல்லது 'இப்போது இல்லை' என்ற ஒற்றை வரி. அதனால் சம்பளமோ பதவி உயர்வோ குறையக் கூடாது.

கேள்வி: தள மருத்துவ உதவியாளர் நான். காய்ச்சலோடு வந்தவருக்கு விரைவுப் பரிசோதனை அட்டை 'இல்லை' என்று காட்டியது. வேலைக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் தொடக்கத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கலாம். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பாருங்கள், முடிந்தால் நுண்ணோக்கியிலும். அட்டையே தவறக்கூடிய வழிகளும் உண்டு. வெயிலில் நின்ற வாகனத்தில் வைத்திருந்தால் கெட்டுவிடும்; உறையில் போட்ட வெப்ப அளவை (30 அல்லது 40 டிகிரி) மீறக் கூடாது. குறித்த நேரம் கழித்துப் படித்தால் இல்லாத கோடு தெரியும். ஃபால்சிபாரம் சுரக்கும் எச்ஆர்பி2 புரதத்தைத் தேடும் அட்டை, நோய் தீர்ந்து சில வாரங்கள் வரையிலும்கூட 'உண்டு' என்று காட்டும். எரித்ரியா, எத்தியோப்பியா போன்ற இடங்களில் அந்தப் புரதமே இல்லாத ஒட்டுண்ணி இருப்பதால் ஃபால்சிபாரத்தையே தவறவிடும். அங்கே ஒட்டுண்ணியின் எல்டிஎச் என்னும் நொதியைத் தேடும் வகை அட்டையும் வேண்டும்.

'உண்டு' என்று வந்தால் அன்றே மருந்து. ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபாண்ட்ரின் (20/120 மில்லிகிராம்), 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு வேளைக்கு 4 மாத்திரை: முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து அடுத்தது, பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். மொத்தம் 24. கொழுப்புள்ள உணவோடு தாருங்கள். முதல் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்று மீதியைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். ஆறு வேளையும் உங்கள் கண் முன்னால் விழுங்கட்டும்.

குழப்பமான பேச்சு, வலிப்பு, மூச்சுத்திணறல், மஞ்சள் கண், கருத்த சிறுநீர், நிற்கவோ உட்காரவோ முடியாத சோர்வு, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. ஆர்ட்டிசுனேட் ஊசி கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் முதல் டோஸ் போட்டு மருத்துவமனைக்கு ஏற்றுங்கள். அந்த மருந்தும் அதைப் போடும் அதிகாரமும் உங்களுக்கு எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவரை எட்ட முடியாத அளவுக்குத் தொலைவான பணிக்குழுவுக்கு, தடுப்புக்குச் சாப்பிடுவதிலிருந்து வேறான அவசர மருந்துப் பொதி ஒன்றும் தர வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

ஒவ்வொரு நோயாளியையும் விபத்து போலவே விசாரித்துப் பதியுங்கள். எங்கே தூங்கினார், வலை கிழிந்திருந்ததா, எந்த வாரம் மாத்திரை விட்டுப்போனது, எத்தனையாவது மணியில் மருந்து தொடங்கியது என்று எழுதிவந்தால் ஓட்டை எங்கே என்பது சில மாதத்தில் ஏட்டிலேயே தெரியும்.

கேள்வி: என் கணவர் சுரங்க வேலை முடிந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல். ஒப்பந்தம் முடிந்ததால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறது நிறுவனம்.

பதில்: இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 'மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவர், ரத்தத்தில் மலேரியா பாருங்கள்' என்று வாயிலிலேயே சொல்லுங்கள். கேட்காவிட்டால் பலர் சளிக்காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். ஃபால்சிபாரம், கொசு கடித்த ஏழாம் நாளிலிருந்து பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். வைவாக்ஸ் என்னும் இன்னொரு வகை ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கி மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் எழும். வழக்கமான தடுப்பு மாத்திரை அந்த உறங்கும் நிலையைத் தொடாது. அதை ஒழிக்கப் ப்ரைமாகுவின் தரும் முன் ஜி6பிடி என்னும் நொதிக்கான பரிசோதனை செய்தாக வேண்டும். அந்த நொதி குறைந்தவருக்கு ரத்த அணுக்கள் உடையும்.

நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். நோய் தொற்றியது பணிக்காலத்தில். இழப்பீடு கிடைக்குமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் பொறுத்தது. பரிசோதனை முடிவு, ஒட்டுண்ணி வகை, பயணத் தேதிகள், பணி ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். முறையாக நடக்கும் நிறுவனம், புறப்படும் நாளில் ஒவ்வொருவர் பையிலும் ஓர் அட்டை வைத்து அனுப்பும்: போன நாடு, தேதிகள், சாப்பிட்ட மருந்து, ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் காட்ட வேண்டிய குறிப்பு, இரவு பகல் எடுக்கும் மருத்துவரின் எண். ரத்ததானம் செய்யும் முன் பயண விவரத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: துணை ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் நாங்களேதான் வலை கொடுக்க வேண்டுமா?

பதில்: யார் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், கொடுக்காமல் விடலாம் என்று மட்டும் எழுத முடியாது. துணை ஒப்பந்ததாரர் வலை, மருந்து, பரிசோதனைக்குத் தனி வரியில் விலை போடட்டும். அந்த வரி விலைபேசும்போது வெட்டுப்படாமல் இருக்கட்டும். அவருடைய தங்குமிடத்தை உங்கள் ஆள் மாதம் ஒருமுறை, இரவில், போய்ப் பார்க்கட்டும். பகலில் போனால் வலைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் தொங்கும்.